மேல் வரியில் நட்சத்திரங்கள்

தங்கை புருஷனை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்வாள். கேட்கிற ஆளைப் பொறுத்துக் காரணம் மாறும். தங்கையிடம், "ரொம்ப அமைதியா இருக்கார்டி, எனக்கென்னவோ அது சரியாப் படலை" என்பாள். தன் புருஷனிடம், "பேசறப்ப நம்ம கண்ணைப் பாக்க மாட்டேங்கறார், கவனிச்சீங்களா?" என்பாள். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் கண்ணைப் பாத்துப் பேச எனக்கே பயமாத்தான் இருக்கு" என்பார். சில பேரைச் சில பேருக்குப் பிடிக்காது. அதில் தோண்டித் துருவ ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஆளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் வேலை பார்த்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் வீட்டோடு இருந்தார். தங்கை போனில் பேசும்போதெல்லாம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பொறுக்க மாட்டாமல் இவள் தன் மேலாளரிடம் போய் நின்றாள். அவர் பச்சை மையில்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் அவர் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் அவர் பச்சைப் பேனா. பச்சைப் பேனா யோசித்துவிட்டு, "உங்க பொறுப்புதான் மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த 'உங்க பொறுப்பு' அன்றைக்கே அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

வேலை செய்யும் இடம் ஒரு மருந்துக் கிடங்கு. பெரிய பெட்டிகளில் வந்து இறங்கும் மருந்துகளைப் பிரித்து, எந்த மருத்துவமனை எதைக் கேட்டதோ அதைச் சின்னப் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவார்கள். நீளமான கூடம், எட்டு மேசைகள், மேசைக்கு ஒரு கணினி. அதில் படமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. கறுப்பான டெர்மினல் ஜன்னல் ஒன்று, அதில் வெள்ளை எழுத்து. கூடத்தின் கடைசியில் கண்ணாடி அறை. அதற்குள் அவள். மேசைகளில் ஓடுகிற புரோகிராமைச் சீர்கெடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

மாப்பிள்ளைக்கு மூன்றாம் மேசை. முதல் நாளே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, வீட்ல எப்படி வேணா கூப்பிடுங்க. இங்க மேடம்னு சொல்லுங்க. நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றாள். அவர் தலையாட்டினார். பத்தே நிமிஷத்தில் கூடத்தின் நடுவிலிருந்து, "அக்கா, டேப் எங்க இருக்கு?" என்று கேட்டார். மற்ற ஏழு மேசையும் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகும் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாள்! "சரிங்க அக்கா, இனிமே மேடம்னே சொல்றேன் அக்கா" என்பார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று மாதம் இப்படிப் போனது. நாலாவது மாதம்தான் அந்த நோட்டுப் புத்தகம் அவள் கண்ணில் பட்டது.

சிவப்பு அட்டை போட்ட, சட்டைப் பையில் அடங்குகிற நோட்டு. மாப்பிள்ளை திரையைப் பார்ப்பார். இடது பக்கம், வலது பக்கம் பார்ப்பார். பையிலிருந்து நோட்டை எடுத்து ஏதோ எழுதுவார். உடனே உள்ளே போட்டுவிடுவார். அதோடு நின்றதா என்றால் இல்லை. திரையில் ஒரு மருந்தின் பக்கத்தைத் திறப்பார், மூடுவார், அதே பக்கத்தை மறுபடியும் திறப்பார். சில சமயம் திரையில் எழுத்தைக் கடுகு மாதிரி சின்னதாக்கிவிட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படிப்பார். மற்ற ஏழு மேசையிலும் ஒரு பக்கத்தை ஒரு தடவை திறந்தால் வேலை முடிந்தது. இவருக்கு மட்டும் என்ன?

அந்தப் பக்கங்களில் எந்த மருத்துவமனை எந்த மருந்தை எவ்வளவு வாங்குகிறது என்பது முழுதாக இருக்கிறது. இதே தொழிலில் இருக்கிற வேறொரு கிடங்குக்காரன் அதற்காகக் காசை நீட்ட மாட்டானா? அவள் மனசு அன்று மத்தியானத்துக்குள் முழுக்கதையையும் எழுதி முடித்துவிட்டது. மாப்பிள்ளையின் பழைய சிநேகிதன் ஒருவன் எங்கேயோ கிடங்கில் இருப்பதாகத் தங்கை எப்போதோ சொன்னதுகூட ஞாபகம் வந்தது. அவன் தச்சுப் பட்டறையில் இருப்பதாகத்தான் தங்கை சொல்லியிருந்தாள். சந்தேகம் வந்தபிறகு பட்டறை கிடங்காக மாறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்.

தங்கையிடம் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தாள். "அவர் ஏதோ நோட்டுல எழுதறாரே, என்னடி அது?"

"யாருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தும் உக்காந்து அதைப் படிச்சுட்டு இருப்பார். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி" என்று தங்கை சிரித்தாள்.

வீட்டுக்கும் கொண்டு போகிறாரா?  உங்க பொறுப்புதான் மேடம் என்று பச்சைப் பேனா சொன்னது காதில் ஒலித்தது. கையும் களவுமாகப் பிடிக்காவிட்டால் நாளைக்குத் தன் தலையும் சேர்ந்து உருளும் என்று முடிவு கட்டினாள்.

இங்கே அந்தப் புரோகிராமைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஸி மொழியில் அதை எழுதிய மனிதர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். போகிறவர் ஒரு ஒழுங்கு செய்துவைத்திருந்தார். மருந்தின் எண், எத்தனை பெட்டி என்கிற விவரமெல்லாம் ஒரு குழாய் வழியாகத் திரைக்கு வரும். மேலே குறிப்பு என்று ஓர் இடம் உண்டு. 'ஐஸ் பெட்டியில் வைக்கவும்', 'வெளிச்சம் படக் கூடாது' என்று தமிழில் வருமே, அதற்கென்று அதே திரைக்குத் தனியாக இன்னொரு குழாய். குழாய் என்பது அவளுடைய சொல். புத்தகத்தில் ஸ்ட்ரீம் என்று போட்டிருக்கும். எண்ணும் ஆங்கில எழுத்தும் சின்ன எழுத்துகள், திரைக்கு அனுப்பச் சாதாரண பிரிண்ட்எஃப் கட்டளை போதும். தமிழ் எழுத்தை அந்தப் புரோகிராம் அகல எழுத்தாக வைத்திருந்தது. அதை அனுப்ப டபிள்யூ சேர்த்த பிரிண்ட்எஃப் வேண்டும்.

இதில் ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு குழாயில் முதன்முதலாக எந்த வகை போகிறதோ, கடைசிவரை அந்தக் குழாய் அதற்குத்தான். சின்னது முதலில் போய்விட்டால் அப்புறம் அகலமானதை எத்தனை தள்ளினாலும் ஓர் எழுத்து நகராது. நகரவில்லை என்று திரையில் சொல்லவும் சொல்லாது. அந்தக் கட்டளை மட்டும் மைனஸ் ஒன்று என்று ஒரு பதிலைக் கொடுத்துவிட்டுப் போகும். அதை வாங்கிப் பார்க்க அந்தப் புரோகிராமில் யாரும் எழுதிவைக்கவில்லை. பழைய மனிதர் மட்டும் அந்த இடத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'இந்தக் குழாயில் சின்ன எழுத்தை விடாதே. விட்டவன் அழுவான்.' புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவள் அதைப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். அவ்வளவு நன்றாகத் தெரியும் அவளுக்கு.

அந்தப் புதன்கிழமை மத்தியானம், கூடம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். உள்ளே நுழைந்திருப்பது மாப்பிள்ளையின் பெயர் என்றால், பக்கத்தின் மேல் வரியில், குறிப்பு வரும் இடத்துக்குத் தலைமாட்டில், நட்சத்திரக் குறி போடு. அதே பக்கத்தை ஒரு நாளில் எத்தனை தடவை திறந்தாரோ அத்தனை நட்சத்திரம். கண்ணாடி அறையிலிருந்து மேசைத் திரையின் எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் மேல் வரியில் மினுக்கென்று நீளும் நட்சத்திர வரிசை தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிக்கொள்ளலாம்.

நட்சத்திரம் சின்ன எழுத்துதானே என்று சாதாரண பிரிண்ட்எஃப்பையே போட்டாள். குறிப்புக்கான குழாயில் போட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மூன்றாம் மேசையின் சட்டைப் பையிலேயே இருந்தது. சாப்பாடு முடிந்து மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். பக்கத்தைத் திறந்தார். ஒரு நட்சத்திரம் வந்தது. மறுபடி திறந்தார், இரண்டு. வேலை செய்கிறது என்று அவளுக்கு ஏக திருப்தி. அவர் பெயரில் நுழைந்து பார்க்க அவர் கடவுச்சொல் வேண்டும்; அதற்கெல்லாம் அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை.

அடுத்த நாள் காலையில் மாப்பிள்ளை கண்ணாடிக் கதவைத் தட்டினார். "அக்கா, திரையில குறிப்பு எதுவும் வர மாட்டேங்குது. நேத்து மத்தியானத்துலேர்ந்து."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு ஆழம் பார்க்க வந்திருக்கிறாரோ? "இருங்க" என்று சொல்லித் தன் பெயரில் நுழைந்து, அவர் சொன்ன பக்கத்தைத் திறந்தாள். 'குலுக்கக் கூடாது' என்று தமிழ் பளிச்சென்று நின்றது. "எனக்கு வருதே மாப்பிள்ளை."

"எனக்கு வரலையே அக்கா."

"எல்லாப் பக்கத்துக்கும் குறிப்பு இருக்காது. இருக்கறதுக்கு வரும்." குரலில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. அவர் "சரிங்க அக்கா" என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து நட்சத்திரம் கூடிக்கொண்டே போனது. மூன்று, ஐந்து, ஒரு நாள் ஏழு. போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் திறந்துவிட்டு நாலாம் மேசைக்குப் போய் அங்கே இருக்கிற அம்மாவின் திரையையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். அடுத்தவர் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லையா இந்த மனிதர் என்று அவள் பல்லைக் கடித்தாள். எண்ணிக்கையைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனபோது நடந்ததுதான் அவளை ஆட்டிவிட்டது. தங்கை மகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறது, மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஏழு ஸ்டார் தெரியுமா?" என்றது.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிற மாதிரி ஒரு சிரிப்பு. தெரிந்துபோய்விட்டது இவருக்கு! தெரிந்தும் நிறுத்தவில்லை, குழந்தையை விட்டு நக்கலும் அடிக்கிறார். சரியான கில்லாடி என்று நினைத்தாள். 

இரண்டு வாரம் கழித்து வினை வந்தது. புதிதாக வந்த ஓர் ஊசி மருந்து, ஐஸ் பெட்டியில் மட்டுமே போக வேண்டியது, மூன்றாம் மேசையிலிருந்து சாதாரண அட்டைப் பெட்டியில் போயிருந்தது. போய்ச் சேர்ந்த இடம் தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, சுடுகிறது என்று போனில் கத்தினார். நல்லவேளை, யாருக்கும் போடவில்லை. நாற்பது குப்பியையும் கொட்டினார்கள்.

பச்சைப் பேனா மூன்றாம் மேசைக்கே வந்துவிட்டார். அவளையும் கூப்பிட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்றார். கை டேப் சுருளைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தது.

"குறிப்பு வரலை சார்" என்றார்.

"அக்காகிட்ட கேட்டீங்களா?" என்று பச்சைப் பேனா இவளைக் காட்டினார். உறவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவள் அந்த மேசையிலேயே உட்கார்ந்து, தன் பெயரில் நுழைந்து, அதே பக்கத்தைத் திறந்தாள். 'ஐஸ் பெட்டியில் மட்டும்' என்று மூன்று வார்த்தையும் முழுசாக நின்றது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். 

"அன்னிக்கு நாலாம் மேசை அம்மா லீவு சார்" என்றார் மாப்பிள்ளை.

"அவங்க லீவுக்கும் உங்க பெட்டிக்கும் என்ன சம்பந்தம்?" பச்சைப் பேனாவுக்குக் கோபம் ஏறியது. பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மாப்பிள்ளை இவளைப் பார்த்தார். முதல்முறையாக நேராகக் கண்ணைப் பார்த்தார். "அக்கா, என் பேர்ல திறந்து பாருங்களேன். ஒரே ஒரு தடவை."

திறந்தால் நட்சத்திரம் வரும். பச்சைப் பேனா கேட்பார். சொந்தத் தங்கை புருஷனை வேவு பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் கிடங்கின் புரோகிராமில் கைவைத்தது வெளியே வரும். அவள் நாக்கு அதற்குள் பதில் சொல்லிவிட்டது. "எல்லாருக்கும் ஒரே புரோகிராம்தான் மாப்பிள்ளை. உங்க பேருக்குன்னு தனியா என்ன இருக்கு?"

அவர் டேப் சுருளை மேசையில் வைத்துவிட்டார்.

"சனிக்கிழமையோட நின்னுக்கங்க" என்றார் பச்சைப் பேனா. "தப்பு நடக்கும், மனுஷன்தான். ஆனா பாக்காம விட்டுட்டு வரலைன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் ஏத்துக்க முடியலை." மருந்தைக் கெடுத்தார், அதோடு பொய்யும் சொன்னார் என்று பெயர் வாங்கி வெளியே போகிறவரை இந்தத் தொழிலில் இன்னொருவன் சேர்க்க மாட்டான். தங்கை மறுபடியும் ஒரு வருஷம் மூக்கை உறிஞ்ச வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனாள். நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே நாலு தடவை சொல்லிக்கொண்டாள். நாலாவது தடவையும் ஒட்டவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கை வந்தாள். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து சிவப்பு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதைப் பத்தி அன்னிக்குத் துருவித் துருவிக் கேட்டியே, படிச்சுக்கோ. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன். அவர் எதுவும் சொல்ல வேணாம்கறார். வேலை வாங்கிக் குடுத்தவங்களைக் கேள்வி கேக்கக் கூடாதாம்." தங்கையின் குரல் உடைந்தது. "நீ அவரை ஒரு நாளும் மனுஷனா மதிச்சதில்லக்கா. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு நோட்டைத் திறந்தாள். ஆஸ்பத்திரிகளின் பெயர் இருக்கும், எண்ணிக்கை இருக்கும் என்று தேடினாள். ஒன்றுகூட இல்லை. பக்கம் பக்கமாக மருந்துகளின் பெயர், எதிரே அதற்கான குறிப்பு. இருநூறுக்குக் குறையாது. ஆரம்பப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'திரையில் கடைசி வார்த்தை வெட்டுப்படுகிறது. "ஐஸ் மேல் நேராக வைக்க" என்பதோடு நிற்கிறது. எழுத்தைச் சின்னதாக்கிப் பக்கத்தை மறுபடி திறந்தால் பின்னால் "வேண்டாம்" இருக்கிறது. இனி எல்லாவற்றையும் இரண்டு தடவை திறந்து பார்த்து எழுதிக்கொள்ளவும்.'

 அந்த வெட்டு அவளுக்குத் தெரிந்த வெட்டு. தமிழில் துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் புரோகிராம் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. திரையில் அவை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அளந்து சொல்ல ஸி மொழியிலேயே வேறு கட்டளை இருக்கிறது. அதை மாற்றிப் போட வேண்டும். அதுவரை இடம் காலியாக இருக்கும்போதே புரோகிராம் வரி நிறைந்துவிட்டதாக நினைத்து வாலை நறுக்கிவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் ஒதுக்கிவைத்த வேலை அது. ஒதுக்கிவைத்து எட்டு மாதம் ஆகிறது.

அப்போதும் அவள் மனசு சும்மா இருக்கவில்லை. நேற்று உட்கார்ந்து எழுதியதாகக்கூட இருக்கலாம் இல்லையா? தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழைய மை, விரல் அழுக்கு, ஒரு பக்கத்தில் டேப்பின் பசை. பிறகுதான் அந்தத் தேதிக்கு வந்தாள்.

'17 புதன். சாப்பிட்டு வந்ததிலிருந்து குறிப்பு எதுவும் வரவில்லை. மேலே ஸ்டார் மட்டும் வருகிறது. 18 வியாழன். அக்காவிடம் சொன்னேன். அவருக்கு வருகிறதாம். திரும்பத் திரும்பக் கேட்டால் நன்றாக இருக்காது. நோட்டில் இருப்பதை நோட்டைப் பார்த்துப் போடவும். இல்லாததை நாலாம் மேசை அம்மாவின் திரையில் பார்த்துப் போடவும்.'

பதினேழு, புதன், சாப்பாட்டு நேரம்.

 பழைய மனிதரின் வரி கண் முன்னால் வந்து நின்றது. சின்ன எழுத்தை விடாதே, விட்டவன் அழுவான். முதலில் போனது அவளுடைய நட்சத்திரம். அதற்குப் பின்னால் வந்த அத்தனை தமிழும் குழாயின் வாயிலேயே நின்றுவிட்டது, அவர் பெயருக்கு மட்டும். இரண்டு வாரம் அந்த மனிதர் குருடாக்கப்பட்ட திரையின் முன்னால் உட்கார்ந்து, ஒரு நோட்டையும் ஒரு பக்கத்து மேசையையும் வைத்துக்கொண்டு ஒரு பெட்டி தப்பாமல் அனுப்பியிருக்கிறார். நோட்டில் இல்லாத புது மருந்து, பக்கத்து மேசைக்காரி லீவு, அந்த ஒரு நாள்தான் தவறியது. ஒவ்வொரு நாளின் அடியிலும் கலர் பென்சிலால் நட்சத்திரங்கள் வரையப்பட்டிருந்தன. கோணல்மாணலான, குழந்தை போட்ட நட்சத்திரங்கள். அவை எதற்கு என்று மட்டும் அவளுக்கு அப்போதும் புரியவில்லை.

வரியை எடுத்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை ஏதோ கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொல்லி அவரைத் திரும்பக் கூப்பிடலாம். இந்த யோசனையும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அவளை நல்லவளாக்கின மாதிரி ஆகும். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். திங்கட்கிழமைக்குள் அவர் பொய்யன் என்று வெளியே போயிருப்பார். பொய் சொன்னது யார் என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை, கூடம் நிறைந்த பிறகு, பச்சைப் பேனாவை மூன்றாம் மேசைக்கு வரச் சொன்னாள். "மாப்பிள்ளை, உங்க பேர்ல உள்ள போங்க" என்றாள்.

அவர் சந்தேகத்தோடு அவளைப் பார்த்தார். இப்போது அது அவருடைய முறை. உட்கார்ந்து நுழைந்தார். அந்த ஊசி மருந்தின் பக்கத்தைத் திறந்தார். மேல் வரியில் ஒரு நட்சத்திரம். அதற்குக் கீழே, 'ஐஸ் பெட்டியில் மட்டும்' என்று இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பு. பச்சைப் பேனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் கறுப்புதான்.

"அவர் சொன்னது நெஜம் சார்" என்றாள். "குறிப்பு வரலை. வராமப் பண்ணது நான்."

"நீங்களா? இது என்ன இது, ஸ்டாரு?"

"அதுதான் சார். ஒரு பக்கத்தை இவர் எத்தனை தடவை திறக்கறார்னு எண்றதுக்கு நான் போட்டது. யாருக்கும் சொல்லலை. இவர் மேல எனக்கு சந்தேகம். நம்ம விவரத்தை வெளிய எழுதிக் குடுக்கறார்னு நெனச்சேன். அந்த ஸ்டார் முதல்ல போனதால பின்னாடி தமிழ் எதுவும் போக முடியலை. அன்னிக்கு இவர் பேர்ல திறக்கச் சொன்னப்ப, இது வெளிய தெரிஞ்சுடும்னுதான் திறக்கலை." சிவப்பு நோட்டை மேசைமேல் வைத்தாள். "இவர் எழுதினது இது."

பச்சைப் பேனா நோட்டைப் புரட்டினார். நிறைய நேரம் புரட்டினார். நாலாம் மேசை அம்மா எழுந்து வந்து, "தெனம் என் திரையில வந்து பாத்துட்டுப் போவாருங்க. அன்னிக்கு நான் இல்ல" என்றார். அதை அவரிடம் யாரும் இதுவரை கேட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை மட்டும் நோட்டைப் பார்க்கவில்லை. திரையின் மேல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எண்றதுக்கா?" என்றார்.

அவள் தலையாட்டினாள்.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. "இன்னொரு தடவை திறந்து சரிபாத்தா ஒரு ஸ்டார் கூட வந்துச்சு. எனக்கு மட்டும்தான் வருதுன்னு நாலாம் மேசையில பாத்தப்ப தெரிஞ்சுது. நல்லாப் பாத்துப் போடறேன்னு அக்கா எனக்குப் போடறாங்கன்னு நெனச்சேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, இப்படிச் சொல்றாங்கன்னு. பாப்பாகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கேன். தெனம் கேக்கும், அப்பா இன்னிக்கு எத்தனைன்னு."

 அவளுக்கு அழுகை வந்தது. பழைய மனிதர் எழுதிவைத்தது பொய்யாகவில்லை. "தப்பு என்னோடது மாப்பிள்ளை" என்றாள்.

அவர் அந்தப் பக்கத்தை மூடினார்.

பச்சைப் பேனா வேலையிலிருந்து நிற்கச் சொல்லி எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டார். "நீங்க என் ரூமுக்கு வாங்க" என்று இவளிடம் சொன்ன குரலிலேயே, இனிமேல் நிறைய நாளைக்கு அவளுக்குச் சுகம் இருக்கப்போவதில்லை என்பது தெரிந்தது. அது கிடக்கட்டும். அவர் அறையிலிருந்து எழுத்து மூலமான எச்சரிக்கையோடு திரும்பி வந்து, முதல் காரியமாக அந்த வரியை எடுத்தாள். எட்டு மாதமாக ஒதுக்கிவைத்திருந்த எண்ணிக்கைக் கோளாறையும் கையோடு சரிசெய்தாள். எழுத்தை எண்ணுகிற இடத்தில் அகலத்தை அளக்க வைத்தாள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. புது புரோகிராமை எட்டு மேசைக்கும் விட்டாள்.

பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மூன்றாம் மேசை வரைக்கும் நடந்து போனாள். மாப்பிள்ளை புதுப் பக்கம் ஒன்றைத் திறந்திருந்தார். மேல் வரி காலி. அதன் கீழே, 'ஐஸ் மேல் நேராக வைக்க வேண்டாம்' என்று ஒரு வார்த்தைகூட வெட்டுப்படாமல் நின்றது. அவர் அதை ஒரு தடவைதான் திறந்தார். சட்டைப் பையைத் தொடவில்லை.

"இப்ப வருதா, மாப்பிள்ளை?"

அவர் எழுந்து நின்றார். முதல் நாளிலிருந்து அவள் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் வாயில் வராதது அன்றைக்குத் தடங்கல் இல்லாமல் வந்தது.

"முழுசா வருதுங்க, மேடம்" என்றார்.